வாளியில் 1.026, தொட்டியில் 1.024

கோத்தகிரியில் மார்கழிக் காலையில் வெறுங்காலோடு சிமெண்டுத் தரையில் நிற்க முடியாது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்கெல்லாம் பின்கட்டில் போய் நின்றுவிடுவேன். பவளமும் கடல்மீனும் வளர்க்கும் எங்கள் வீட்டுக் கண்ணாடித் தொட்டிக்குக் கடல்நீர் கலக்கும் வாளி அங்கேதான் இருக்கிறது. முந்தின நாள் சாயங்காலமே முப்பது லிட்டர் ஆர்.ஓ. தண்ணீரில் உப்பைக் கொட்டி, பவர்ஹெட் என்னும் சின்ன நீர்மோட்டார் ஒன்றைப் போட்டுச் சுழலவிட்டிருப்பேன். காலையில் தண்ணீர் தெளிந்திருக்கும். உயரமான கண்ணாடி ஜாடியில் மொண்டு, மிதந்தபடி தண்ணீரின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரை மெதுவாக இறக்கி, அது ஆடி அடங்கியதும் கண்ணை நீர்மட்டத்துக்குத் தாழ்த்திப் படிப்பேன். 1.026. கடல்நீருக்கு இதுதான் எண். சரி என்று குழாய் போட்டுத் தொட்டிக்கு மாற்றிவிடுவேன்.

போன வருடம் கார்த்திகையில் தொடங்கி எட்டு வாரம் இப்படியே செய்தேன். எட்டு வாரமும் நான் தொட்டியில் ஊற்றியது நான் நினைத்த தண்ணீர் இல்லை.

மலைமேல் பவளத்தொட்டியா என்று வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்பார்கள். என் கணவருக்குத் தூத்துக்குடி. வேலைக்காக இங்கே வந்தவருக்குக் குளிர்கூடப் பழகிவிட்டது, கடல் இல்லாதது மட்டும் பழகவில்லை. அவருக்காக வாங்கிய தொட்டி, ஆறே மாதத்தில் என்னுடையதாகிவிட்டது. இருநூறு லிட்டர். பண்ணையில் பிறந்த கோமாளி மீன் ஒரு ஜோடி, மஷ்ரூம் பவளம், சின்னப் பூக்கள்போல விரியும் ஸோவாந்திட், ஒரு லெதர் பவளம், நான்கைந்து நத்தைகள். கல் பவளங்கள் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. மன்னார் வளைகுடாவில் இருப்பது அங்கேயே இருக்கட்டும் என்று நாங்கள் இருவரும் ஆரம்பத்திலேயே முடிவு செய்துவிட்டோம்.

தை பிறப்பதற்குள் தொட்டி களை இழந்திருந்தது. ஸோவாந்திட்கள் பாதி நாள் மூடியே கிடந்தன. லெதர் பவளம் தலை சாய்ந்து நின்றது. கோயம்புத்தூரிலிருந்து வாங்கி வந்த இரண்டு இறால்கள் மூன்றாம் நாள் செத்துப்போயின. சோதித்துப் பார்த்தால் கால்சியம் லிட்டருக்கு 380 மில்லிகிராம். கடல்நீரில் அது 410க்கு மேல் இருக்கும். கால்சியம் குறைகிறது என்று நினைத்து அதற்கான மருந்தை வாங்கி ஊற்றினேன். நோய் வேறு, மருந்து வேறு.

அந்த நாளில்தான் வேறு எதையோ தேடப்போய், ஹைட்ரோமீட்டரைத் தொட்டித் தண்ணீரில் விட்டேன். அதுவரை வாளியை மட்டும்தான் அளந்துகொண்டிருந்தேன். வாளி சரியாக இருந்தால் தொட்டியும் சரியாகத்தானே இருக்கும்? தொட்டி 1.024 என்றது. வாளி 1.026. வாராவாரம் 1.026 ஊற்றியும் தொட்டி 1.024க்கு வருகிறது என்றால் உப்பு எங்கே போகிறது? உப்பு ஆவியாகப் போகாது, மீன் தின்று தீர்க்காது. அழுக்கை நுரையாகப் பிரிக்கும் ஸ்கிம்மரின் கோப்பையில் வழிவதோ ஒரு டம்ளர்கூட இல்லை. இரண்டு நாள் தூக்கமில்லாமல் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

விடை அப்பாவிடம் இருந்தது. அப்பா எங்கள் ஊர்ப் பால் சொசைட்டியில் இருபத்தெட்டு வருடம் பால் அளந்தவர். ஹைட்ரோமீட்டரைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"இது நம்ம லாக்டோமீட்டர்தான கண்ணு?"

"ஆமாப்பா. அதே சாதிதான். இது உப்புத் தண்ணிக்கு."

"எந்தச் சூட்டுல பாத்தே?"

"ரெண்டையும் ஒரே நேரத்துலதான் பாத்தேன்."

"நேரத்தைக் கேக்கலை. வாளித் தண்ணி எத்தனை டிகிரி, தொட்டித் தண்ணி எத்தனை டிகிரி?"

வாளி 15 டிகிரி. தொட்டியில் ஹீட்டர் இருக்கிறது, 25. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஹைட்ரோமீட்டரின் தண்டுக்குள் சுருட்டி வைத்திருந்த காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்தார். எண்களுக்குக் கீழே பொடி எழுத்தில் 25 டிகிரி என்று அச்சிட்டிருந்தது. ஒன்பது மாதமாக என் கையில் இருந்த கருவி. நான் அந்த எழுத்தைப் பார்த்ததில்லை.

"கறந்த பாலு வெதுவெதுன்னு வரும். அதுல விட்டா லாக்டோமீட்டர் தாழ்ந்து போகும், தண்ணி கலந்த பால்னு காட்டும். கலக்காத மனுசன்கூட அப்பச் சண்டைக்கு வருவான், அவன் பக்கம் நியாயம் இருக்கும். அதான் பக்கத்துலயே தெர்மாமீட்டர் வச்சிருப்போம். சூடு மேல இருந்தா கூட்டணும், கீழ இருந்தா கழிக்கணும்."

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. குளிர்ந்த தண்ணீர் சுருங்கும், சுருங்கினால் அடர்த்தி கூடும், அடர்த்தி கூடினால் மிதக்கும் கருவி உயரும். உப்பு கூடினாலும் அது உயரத்தான் செய்யும். கருவிக்கு இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லத் தெரியாது. தெர்மாமீட்டரோடு வைத்து நாம்தான் பிரிக்க வேண்டும்.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். உப்புத்தன்மை 35 என்றால், ஒரு கிலோ கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன என்று பொருள். பவளத்தொட்டி வைப்பவர்கள் குறி வைப்பது இந்த எண்ணைத்தான். அந்த நீரின் அடர்த்தி 25 டிகிரியில் லிட்டருக்கு 1023.3 கிராம். அதே 25 டிகிரியில் இருக்கும் சுத்தமான தண்ணீரோடு ஒப்பிட்டால் 1.0264. இதுதான் ஒப்படர்த்தி, என் ஹைட்ரோமீட்டர் காட்டும் எண். (சில ஹைட்ரோமீட்டர்கள் ஒப்படர்த்திக்குப் பதில் அடர்த்தியையே காட்டும். அவற்றில் இதே தண்ணீர் 1.0233 என்று வரும். உங்களுடையது எந்த வகை என்று தண்டுக் காகிதத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டையும் குழப்பிக்கொண்டால் நான் செய்ததைவிடப் பெரிய பிழை வரும்.) இதே 35 நீரை 15 டிகிரிக்குக் குளிர வைத்தால் லிட்டருக்கு 1026 கிராம் ஆகிவிடும். 25 டிகிரிக்கென்று செய்த ஹைட்ரோமீட்டர் அதில் ஏறக்குறைய 1.029 காட்டும்.

ஆக, என் பின்கட்டில் 15 டிகிரியில் 1.029 வரும்வரை உப்புப் போட்டிருந்தால்தான் அது கடல்நீர். நான் 1.026லேயே நிறுத்திவிட்டேன். அந்த வாளியில் உப்புத்தன்மை 31தான். இருநூறு லிட்டர் தொட்டியில் வாரம் முப்பது லிட்டர் மாற்றினால், எட்டு வாரத்தில் தொட்டி 35க்குப் பக்கத்திலிருந்து 32க்கு இறங்கிவிடும். 32 என்பது 25 டிகிரியில் 1.024. தொட்டி காட்டிய எண் அதேதான். உப்பு எங்கேயும் போகவில்லை, நான் போடவேயில்லை. கால்சியம் 380க்கும் இதுதான் காரணம். உப்பு பத்தில் ஒரு பங்கு குறைந்தால் உப்போடு வரும் கால்சியமும் அதே அளவு குறையும். மெக்னீசியமும் அப்படித்தான்.

சித்திரையில் தொட்டி தொடங்கியபோது இந்தத் தொல்லை இல்லாததற்கும் காரணம் புரிந்தது. அப்போது பின்கட்டுத் தண்ணீரே 23, 24 டிகிரி இருந்தது. கருவியின் சூட்டுக்குப் பக்கத்திலேயே இருந்ததால் பிழை தெரியவில்லை. மதுரையிலோ சென்னையிலோ இருப்பவருக்குப் பிழை எதிர்ப்பக்கம், அதுவும் சிறிதாகத்தான் வரும். குளிர் மாதத்தில் பத்து டிகிரி பள்ளம் விழுவது எங்களைப் போன்ற மலைக்காரர்களுக்குத்தான். ஊட்டியிலோ கொடைக்கானலிலோ யாராவது தொட்டி வைத்திருந்தால் அவர்களுக்காகத்தான் முக்கியமாக இதை எழுதுகிறேன்.

தெரிந்த பிறகு அவசரப்படவில்லை. உப்புத்தன்மை ஒரே நாளில் மூன்று புள்ளி ஏறினால் அதுவே இன்னொரு அடி. தை மாதக் காற்றில் எங்கள் தொட்டியில் ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் தண்ணீர் வற்றும். வற்றுவது தண்ணீர் மட்டும், உப்பு தங்கிவிடும் என்பதால் வழக்கமாக நல்ல தண்ணீரைத்தான் நிரப்புவோம். அந்த வாரம் அதற்குப் பதிலாக, சரியாகக் கலந்த உப்புத் தண்ணீரை நிரப்பினேன். நாளுக்கு அரைப் புள்ளி. ஆறாம் நாள் 35. ஸோவாந்திட்கள் அதற்கு முன்னாலேயே, நான்காம் நாள் காலையில் விரிந்துவிட்டன. ஆபீசுக்குக் கிளம்பிய கணவரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

இப்போது வாளிக்கும் ஒரு 100 வாட் ஹீட்டர் உண்டு. ராத்திரி முழுக்க ஓடினால் விடிகாலையில் 25க்கு வந்துவிடும். வந்த பிறகுதான் ஹைட்ரோமீட்டரை எடுப்பேன். இதில் இன்னொரு நன்மையும் கிடைத்தது. 15 டிகிரித் தண்ணீரை முப்பது லிட்டர் ஊற்றும்போதெல்லாம் தொட்டியின் சூடு ஒன்றரை டிகிரி விழுந்துகொண்டிருந்தது, அதுவும் நின்றது.

படிக்கும் விதத்தையும் அப்பாதான் திருத்தினார். ஜாடியை விளிம்பு வரை நிரப்பி, நுரை வழிந்து போகவிட்டு, கருவியை ஒரு சுற்றுச் சுற்றி விட வேண்டும். சுற்றினால் கண்ணாடியில் ஒட்டிய காற்றுக் குமிழிகள் கழன்றுவிடும். நாலு குமிழி ஒட்டியிருந்தாலும் கருவி உயர்ந்து அதிகம் காட்டும். தண்டில் விரல் பிசுக்கு இருக்கக்கூடாது. பாலில் ஊடுருவிப் பார்க்க முடியாது என்பதால், தண்டைச் சுற்றி மேலேறி நிற்கும் விளிம்பின் உச்சியில் படிப்பார்களாம். தெளிந்த தண்ணீரில் அப்படிப் படிக்கக்கூடாது. மேலேறிய விளிம்பை விட்டுவிட்டு, சமமாக இருக்கும் நீர்மட்டம் எந்தக் கோட்டில் வெட்டுகிறது என்று பார்க்க வேண்டும். பாலுக்குப் பழகிய அப்பாவும் தண்ணீருக்குப் பழகிய நானும் ஒரே ஜாடியைப் பார்த்து வேறு வேறு எண் சொன்னபோதுதான் இது தெரிந்தது.

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். ஒரே கருவியை நம்பி ஏமாந்ததால் மாசி மாதம் ரிஃப்ராக்டோமீட்டர் ஒன்று வாங்கினேன். விலை குறைவான வகை. ஒரு சொட்டை முப்பட்டகத்தின் மேல் விட்டு, மூடியை அழுத்தி, வெளிச்சத்தை நோக்கிப் பிடித்துக் கண்ணை வைத்தால் நீலமும் வெள்ளையும் சந்திக்கும் கோடு தெரியும். உப்பு கூடினால் ஒளி அதிகம் வளையும், கோடு மேலே போகும். கூடவே வந்த தாளில் சொன்னபடி ஆர்.ஓ. தண்ணீரை விட்டுத் திருகாணியால் பூச்சியத்துக்குக் கொண்டுவந்தேன். பிறகு தொட்டித் தண்ணீர். ஹைட்ரோமீட்டர் 25 டிகிரியில் நன்றாக 1.0264 காட்டிய அதே தண்ணீரை இது 36.5 என்றது.

இந்தத் தடவை விடை தூத்துக்குடியிலிருந்து வந்தது. என் கொழுந்தனார் உப்பளத்தில் வேலை பார்க்கிறார். போனில் வேறு ஏதோ பேசிக்கொண்டிருக்கும்போது இதைச் சொன்னேன்.

"மதினி, கடல் தண்ணி வேற, உப்புத் தண்ணி வேறல்லா" என்றார்.

அவர்களும் மிதக்கும் கருவியால்தான் அளக்கிறார்கள், ஆனால் பாமே அளவில். அதில் டிகிரி என்றால் சூடு இல்லை, அடர்த்தி. கடல்நீர் பாத்திக்குள் வரும்போது மூன்று, மூன்றரை டிகிரி. வெயிலில் வற்ற வற்ற முதலில் சுண்ணாம்பு படியும், அப்புறம் ஜிப்சம். ஏறத்தாழ 25 டிகிரி ஆனதும் சாப்பாட்டு உப்பு விளைய ஆரம்பிக்கும். 29, 30 வரும்போது மிச்சத் தண்ணீரை வெளியேற்றிவிடுவார்கள். அதில் மெக்னீசிய உப்புகள் நிறைந்திருக்கும், கசக்கும். அதோடு சேர்த்து வற்றவிட்டால் உப்பும் கசந்துபோகும். நான் கடல்நீர் என்று ஒரே சொல்லால் சொல்வதை அவர்கள் தினமும் பாத்தி பாத்தியாகப் பிரித்துப் பார்க்கிறார்கள். அதில் சோடியம் குளோரைடு பெரும்பங்குதான், ஆனால் முழுப்பங்கு இல்லை.

மலிவான ரிஃப்ராக்டோமீட்டர்கள் பலவற்றின் அளவுகோல் சோடியம் குளோரைடு கரைசலுக்கு வரைந்தது. கடல்நீருக்கு வரைந்தது இல்லை. உப்புத்தன்மை 35 உள்ள கடல்நீர் ஒளியை எவ்வளவு வளைக்குமோ, அதே அளவு வளைக்க வெறும் சோடியம் குளோரைடு நூற்றுக்கு 3.65 பங்கு வேண்டும். அதனால்தான் 35ஐ அது 36.5 என்கிறது. நான் அந்தக் கருவியை நம்பி 35க்குக் கொண்டுவந்திருந்தால் உண்மையில் 33.5தான் இருந்திருக்கும். பூச்சியத்தில் சரிசெய்வது இதற்கு உதவாது. அளவுகோலின் அடி சரியாக இருக்கிறது, சரிவுதான் வேறு. மேலே போகப் போக விலகும். எந்த இடத்தில் அளக்கப்போகிறோமோ அந்த இடத்தில் வைத்துத்தான் சரிசெய்ய வேண்டும்.

அதற்கு 35 என்று உறுதியாகத் தெரிந்த ஒரு கரைசல் தேவை. கடையில் பாட்டிலில் கிடைக்கிறது. வீட்டிலேயும் செய்யலாம். பவளத்தொட்டி வேதியியலைப் பற்றிப் பல வருடங்களாக எழுதிவரும் அமெரிக்க வேதியியலாளர் ராண்டி ஹோம்ஸ்-ஃபார்லி சொன்ன அளவுகள்தான் நான் வைத்திருப்பவை. ரிஃப்ராக்டோமீட்டருக்கு 36.5 கிராம் சோடியம் குளோரைடு, 963.5 கிராம் சுத்தத் தண்ணீர். மொத்தம் ஒரு கிலோ. தண்ணீரை மில்லியில் அளக்காமல் எடையில் எடுக்க வேண்டும். இந்தக் கரைசலை முப்பட்டகத்தில் விட்டுக் கோட்டை 35க்குத் திருகி வைத்துவிட்டால், அந்தக் கருவி அதன் பிறகு கடல்நீரின் 35ஐ 35 என்றே சொல்லும். ஹைட்ரோமீட்டரைச் சோதிக்க அளவு வேறு: நூற்றுக்கு 3.714. மின்கடத்தலை அளக்கும் பேனாவுக்கு 3.29. மூன்று கருவிக்கு மூன்று எண் எதற்கு என்று முதலில் எனக்கும் குழப்பம்தான். ஒன்று எடையைப் பார்க்கிறது, ஒன்று ஒளியை, ஒன்று மின்சாரத்தை. கடல்நீரைப் போல எடை காட்ட எவ்வளவு சாப்பாட்டு உப்பு வேண்டுமோ, அதைப் போல மின்சாரம் கடத்த அவ்வளவே வேண்டும் என்பதில்லை.

தராசு கடைக்காரர் சமவெளியில் சரிபார்த்தது, மலையில் எடை மாறாதா என்று என் மகள் கேட்டாள். நல்ல கேள்வி. கோத்தகிரி 1,800 மீட்டர் உயரம். புவியீர்ப்பு கொஞ்சம் குறையும்தான், ஆனால் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. தவிர, உப்பையும் தண்ணீரையும் ஒரே தராசில் நிறுத்துவதால் விகிதம் மாறாது.

அப்புறம் ஆடி வந்தது. தென்மேற்குப் பருவக்காற்றில் பத்து நாள் வெயிலே இல்லை. மேகம் ஜன்னல் வழியாக உள்ளே வந்து போனது. மாசியில் செய்த கரைசல் தீரப்போகிறது என்று புதிதாக ஒரு கிலோ கலக்கினேன், அதே உப்பு, அதே தராசு, அதே அளவு. பழைய பாட்டில் 35. புதியது 33க்குச் சற்று மேலே. மூன்று தடவை துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். பிறகு உப்புப் புட்டியைத் தட்டினேன், உதிரவில்லை, கட்டியாக நின்றது. காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 75ஐத் தாண்டினால் சுத்தமான சோடியம் குளோரைடே ஈரத்தை இழுக்க ஆரம்பிக்கும். ஆடி மாதக் கோத்தகிரியில் அந்த 75க்குக் கீழே வருவதே அபூர்வம். நான் நிறுத்த 36.5 கிராமில் ஏறக்குறைய இரண்டு கிராம் தண்ணீர். இப்போது உப்பை வாணலியில் போட்டுச் சிறு தீயில் நன்றாக வறுத்து, மூடி இறுகிய கண்ணாடிப் புட்டியில் ஆறவிட்டு, ஆறிய கையோடு நிறுத்துவிடுகிறேன். செய்த கரைசலின் மூடியும் இறுக்கமாக இருக்க வேண்டும், வற்றினால் எண் ஏறிவிடும்.

கடையில் வாங்கும் கடல் உப்புக் கலவைக்கு இந்தத் தொல்லை இன்னும் அதிகம். அதில் இருக்கும் மெக்னீசியம் குளோரைடும் கால்சியம் குளோரைடும் ஈரத்துக்கு ஏங்குபவை. அந்தக் கலவையை வாணலியில் வறுக்கவும் கூடாது, உப்புகள் மாறிப்போகும். லிட்டருக்கு இத்தனை கிராம் என்று பையில் போட்டிருப்பது தொடக்கத்துக்கு உதவும், அவ்வளவுதான். பங்குனியில் திறந்த பையில் ஒரு கிராம் என்பது ஆடியில் ஒரு கிராம் இல்லை. கொஞ்சம் குறைவாகப் போட்டு, கரைந்தபின் அளந்து, பிறகு கூட்டுவதுதான் வழி. குளிர்ந்த தண்ணீரில் கரையவும் நேரம் பிடிக்கும். அடியில் மணல் போலப் படிந்திருக்கும்போது அளந்தால் அந்த எண்ணில் அடியில் கிடப்பது சேராது.

உப்பை நேராக அளக்க வழியே இல்லையா, தண்ணீரை வற்றவிட்டு மிச்சத்தை நிறுத்தால் என்ன என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. கடலாய்வாளர்கள் இதைச் செய்து பார்த்து எப்போதோ கைவிட்டுவிட்டார்கள். மெக்னீசிய உப்புகள் கடைசித் தண்ணீரை எளிதில் விடாது. விடவைக்கும் அளவுக்குச் சூடாக்கினால் உப்பே சிதைந்து ஒரு பகுதி ஆவியாகிவிடும். அவர்களைக் காப்பாற்றியது வேறொரு உண்மை. 1872 முதல் 1876 வரை சேலஞ்சர் என்ற ஆய்வுக் கப்பல் உலகக் கடல்களைச் சுற்றி வந்தபோது எடுத்த நீரில் 77 மாதிரிகளை வேதியியலாளர் வில்லியம் டிட்மார் பகுத்துப் பார்த்து 1884இல் வெளியிட்டார். கடலுக்குக் கடல் உப்பின் மொத்த அளவு மாறுகிறது, ஆனால் முக்கியமான உப்புகளின் விகிதம் ஏறக்குறைய மாறுவதில்லை. ஆக, ஒன்றை மட்டும் துல்லியமாக அளந்தால் மற்றதெல்லாம் கணக்கில் வந்துவிடும். நெடுங்காலம் குளோரைடை வெள்ளி நைட்ரேட்டால் அளந்தார்கள். குளோரின் அளவை 1.80655ஆல் பெருக்கினால் உப்புத்தன்மை.

1978இல் வந்த அளவுமுறை மின்கடத்தலுக்கு மாறியது. ஒரு கிலோவில் 32.4356 கிராம் பொட்டாசியம் குளோரைடு கரைந்த கரைசலை 15 டிகிரியில் வைத்து, அதே சூட்டில் அதற்கு இணையாக மின்சாரம் கடத்தும் கடல்நீரின் உப்புத்தன்மை 35 என்று வரையறுத்தார்கள். 15 டிகிரி! என் பின்கட்டு வாளியின் அதே சூடு. எந்தச் சூட்டில் என்று சொல்லாமல் அவர்கள் எண்ணைச் சொல்வதில்லை. அதைப் படித்த ராத்திரி அப்பா கேட்ட கேள்விதான் காதில் ஒலித்தது.

மின்கடத்தல் பேனா எங்களிடமும் ஒன்று உண்டு, கணவர் பிறந்தநாளுக்கு வாங்கித் தந்தது. 35 கடல்நீர் 25 டிகிரியில் சென்டிமீட்டருக்கு 53 மில்லிசீமன்ஸ் (மின்கடத்தலின் அலகு) காட்ட வேண்டும். அதே நீர் 15 டிகிரியில் 43தான். ஒரு டிகிரிக்கு ஒரு மில்லிசீமன்ஸ். நல்ல பேனாக்கள் சூட்டைத் தாமாகவே அளந்து 25க்கு மாற்றிச் சொல்லும். ஆனால் தண்ணீரில் முக்கிய உடனே படித்தால் பேனாவின் உள்ளே இருக்கும் உணரி இன்னும் பழைய சூட்டிலேயே இருக்கும். ஒரு நிமிடமாவது பொறுக்க வேண்டும். மெல்ல ஆட்டி உள்ளே சிக்கிய காற்றையும் வெளியேற்ற வேண்டும். எனக்குப் பேனாவைவிட ரிஃப்ராக்டோமீட்டர்தான் பிடிக்கிறது. சரிபார்க்க ஒரே சொட்டுப் போதும்.

ரிஃப்ராக்டோமீட்டரிலும் சூட்டுத் திருத்தம் இருக்கிறது என்று போட்டிருக்கும். அது பொதுவாக 10 முதல் 30 டிகிரி வரைக்கும்தான். மார்கழிக் காலையில் ஜன்னலோரம் கிடந்த கருவி அந்த 10ஐத் தொட்டுவிடும். தவிர, குளிர்ந்த முப்பட்டகத்தின் மேல் மூச்சுப் பட்டாலே பனி போல ஈரம் படியும், அதன்மேல் சொட்டு விட்டால் உப்புத் தண்ணீரோடு நல்ல தண்ணீரும் கலந்துவிடும். நான் அதைத் தொட்டிக்குப் பக்கத்து அலமாரியில் வைத்திருக்கிறேன். எடுத்து, மெல்லிய துணியால் துடைத்து, முதலில் 35 கரைசலில் ஒரு சொட்டு, அரை நிமிடம், பிறகு தொட்டி, பிறகு வாளி. மூன்றும் ஒரே இடத்தில், ஒரே இருப்பில்.

தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் ஊற்றுத் தண்ணீர் மென்மையானது, அப்படியே உப்பைக் கலந்தால் என்ன என்று சிலர் கேட்கிறார்கள். உப்புத்தன்மைக்கு அதனால் ஒன்றும் ஆகாது. ஆனால் சுற்றிலும் தேயிலைத் தோட்டம். கொப்புள நோய்க்குத் தேயிலையில் தாமிர மருந்து அடிப்பது இங்கே வழக்கம். மனிதருக்குப் பொருட்டில்லாத தாமிரம் இறாலையும் நத்தையையும் பவளத்தையும் கொன்றுவிடும். எந்த ஹைட்ரோமீட்டரும் அதைக் காட்டாது. ஆர்.ஓ. வடிகட்டியும் அதற்குப் பின்னால் மிஞ்சியதைப் பிடித்துக்கொள்ளும் ரெசின் குடுவையும் இல்லாமல் ஒரு வாளிகூட நான் கலப்பதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மறுபடி மார்கழிக் குளிர். பின்கட்டு 14 டிகிரி, வாளி 25. அப்பா சொசைட்டியிலிருந்து ஓய்வுபெற்றபோது தன்னோடு கொண்டுவந்த லாக்டோமீட்டரைத் துணி சுற்றிய டப்பாவிலிருந்து எடுத்து வந்திருந்தார். பசும்பால் ஒப்படர்த்தி 1.028லிருந்து 1.032 வரை, கடல்நீர் 1.026. அதிகத் தூரமில்லை. ஜாடியை வழிய வழிய நிரப்பினார், ஒரு சுற்றுச் சுற்றி விட்டார், அது நிற்கும்வரை பேசாமல் நின்றார். 26ஆம் கோட்டுக்குக் கொஞ்சம் மேலே.

"பாலா இருந்தா திருப்பி அனுப்பியிருப்பேன்" என்றார். பிறகு தெர்மாமீட்டரை எடுத்து ஜாடிக்குள் வைத்தார்.